கல்லும் கையும் – 14: பாழ்ச் சிற்றாலயத்தில் ஒரு குடித்தனம்

1908 டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் மலைச்சரிவில் பிராட் கேம்டன் என்றொரு சின்னக் கிராமம். அங்கே ஒரு கையச்சுப் பொறி கடைசித் தாளை அழுத்தி எடுத்துவிட்டு ஓய்ந்தது. போன வருஷம் செப்டம்பரில் தொடங்கிய வேலை. பதினைந்து மாதத்தில் 425 பிரதிகள், அவ்வளவுதான். கண்டி நாட்டுத் தச்சர், தட்டார், கன்னார், கொல்லர், நெசவாளர், சித்திரக்காரர் இவர்களைப் பற்றிய பெரிய புத்தகம் அது. பெயர் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’. எழுதியவர் ஆனந்த குமாரசாமி.

பொறியும் சாதாரணப் பொறி இல்லை. சென்ற இதழில் வில்லியம் மாரிஸின் மரணத்தோடு நிறுத்தினோம். அவர் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் கவிஞர் சாசரின் தொகுப்பை அச்சிட்ட அதே பொறிதான் இது. அது நின்றிருந்த வீட்டுக்கு நார்மன் சேப்பல் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் கட்டி, பிறகு பாழாய்ப்போன சிற்றாலயம். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையான குமாரசாமி அதை வாங்கினார். குடியிருக்கிற வீடாக அதை மாற்றிக் கொடுத்தவர் சார்ல்ஸ் ராபர்ட் ஆஷ்பி. பட்டறை ஆட்கள் அவரை முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை; மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சி.ஆர்.ஏ.’ என்பார்கள்.

ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் கட்டடக் கலைஞர்களில் ஆஷ்பியைவிட நல்ல வீடுகள் கட்டியவர்கள் இருக்கிறார்கள். வாய்சி இருக்கிறார், பிலிப் வெப் இருக்கிறார். ஆனால் கட்டி முடித்த வீட்டைவிட, அதைக் கட்டுகிற ஆள் ராத்திரி என்ன சாப்பிடுகிறான் என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் இவர்தான். அந்தக் கேள்விக்காக ஒரு வாழ்நாளைச் செலவழித்தார், கொஞ்சம் பணத்தையும். பணம் பெரும்பாலும் மற்றவர்களுடையது.

ஆஷ்பி பிறந்தது 1863 மே 17, லண்டனை ஒட்டிய ஐல்வொர்த்தில். தந்தை ஹென்றி ஸ்பென்சர் ஆஷ்பி வசதியான வணிகர். அந்த வணிகருக்கு இன்னொரு முகமும் உண்டு: ஆபாச நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்து, புனைபெயரில் அவற்றுக்குப் பட்டியல் போட்டவர். செர்வாண்டிஸ் நூல்களையும் அதே வெறியோடு சேர்த்தார். தாய் எலிசபெத், ஹாம்பர்கிலிருந்து வந்தவர். மகன் தொழிலுக்கு வருவான் என்று தந்தை காத்திருந்தார். மகன் கேம்பிரிட்ஜ் போய் கிங்ஸ் கல்லூரியில் கலை விமர்சகர் ரஸ்கினைப் படித்துக்கொண்டிருந்தான். 1893 வாக்கில் பெற்றோர் பிரிந்தார்கள். மகன் தாயின் பக்கம் நின்றார். 1900இல் தந்தை இறந்தபோது உயிலில் மகனுக்கு ஒன்றுமில்லை.

கேம்பிரிட்ஜில் எட்வர்ட் கார்ப்பெண்டரின் பழக்கம் ஏற்பட்டது. கார்ப்பெண்டர் படித்த மனிதர். செருப்புத் தைத்து, காய்கறி பயிரிட்டு வாழ்ந்தவர். வர்க்கம் தாண்டிய ஆண்களின் தோழமையே புதிய சமுதாயத்தின் அடித்தளம் என்பது அவர் கொள்கை. அது ஆஷ்பியின் மனத்தில் ஆழமாக இறங்கியது. ஆஷ்பி ஆண்களை நேசித்தவர். அதை வெளியே சொன்னால் சிறை என்றிருந்த காலம். 1898இல் ஜேனட் ஃபோர்ப்ஸைத் திருமணம் செய்வதற்கு முன்பே, தன் வாழ்வில் தோழர்களுக்கு உள்ள இடத்தை அவருக்கு எழுதித் தெரிவித்துவிட்டார். அவருக்கு வயது 35, ஜேனட்டுக்கு 20. எளிதான மணவாழ்க்கை இல்லை. ஆனால் இனிமேல் நாம் பார்க்கப்போகிற எல்லாவற்றிலும் ஜேனட் பாதி ஆள்.

தொழில் கற்றது ஜி.எஃப். பாட்லியிடம். பாட்லி, தேவாலயங்கள் கட்டுவதில் பெயர்பெற்றவர். பகலில் அவருடைய அலுவலகத்தில் கோடு போட்டுவிட்டு, ராத்திரி கிழக்கு லண்டனில் டாயின்பி ஹாலில் தங்கல். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஏழைகளின் நடுவே வந்து குடியிருந்து பாடம் நடத்துகிற இடம் அது. அங்கே ஆஷ்பி தொழிலாளர்களுக்கு ரஸ்கின் வகுப்பு எடுத்தார். வாசித்தது போதும், கையால் ஏதாவது செய்வோம் என்று அந்த வகுப்பே ஹாலின் சாப்பாட்டுக்கூடத்துக்கு வண்ணம் தீட்டி அலங்கரித்தது. அதிலிருந்து 1888இல் முளைத்தது கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட். கைமுதல் 50 பவுண்டு, ஆட்கள் நான்கைந்து பேர்.

கில்டை ‘சங்கம்’ என்று சொன்னால் கொடி பிடிக்கிற சங்கம் நினைவுக்கு வரும். ‘கம்பெனி’ என்றால் முதலாளி நினைவுக்கு வருவார். இது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பட்டறையும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின்கீழ். பாட்டு, நாடகம், ராச்சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான். 1891இல் மைல் எண்ட் சாலையில் எசெக்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகைக்கு மாறினார்கள். பின்னால் தோட்டம், அங்கே கொல்லுலை.

இதற்கிடையே ஆஷ்பி வீடுகளும் கட்டினார். தேம்ஸ் கரையில் செல்சியின் செய்னி வாக் தெருவில் தாய்க்காக 1893–94இல் கட்டியது முதல் பெரிய வீடு. அந்த இடத்தில் முன்பு ‘மேக்பை அண்ட் ஸ்டம்ப்’ என்றொரு சத்திரம் இருந்து எரிந்துபோயிருந்தது. வீட்டுக்கும் அதே பெயரை வைத்தார்கள். கணப்படுப்பின் செம்பு வேலையும் விளக்குகளும் கில்டின் கைவேலை. ஓர் அறையில் கணப்புக்கு மேலே ராஜர் ஃப்ரையின் ஓவியம். 1968இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே 1898–99இல் கட்டிய 38, 39ஆம் எண் வீடுகள் மட்டும் இன்றைக்கும் நிற்கின்றன. கம்பிவேலியின் மேல் பொன்முலாம் பூசிய உருண்டைகள் வெயிலில் மின்னும்.

அதே தெருவில் 74ஆம் எண் வீட்டை ஆஷ்பியிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர் ஓவியர் விஸ்லர். 1902இல் குடிவந்தார், நோயாளியாக. வந்த பிறகுதான் அடுத்த மனையில் ஆஷ்பி இன்னொரு வீடு கட்டப்போகிறார் என்பது தெரிந்தது. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். விஸ்லர் திட்டிக்கொண்டே இருந்து, 1903 ஜூலையில் அந்த வீட்டிலேயே இறந்தார். கைவேலையின் ஓசையைத் தெய்வீகமாக நினைத்த ஆஷ்பிக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அந்த வரிசை போய்விட்டது.

மேக்பை அண்ட் ஸ்டம்புக்கு அடித்தளம் தோண்டும்போது மண்ணிலிருந்து பழைய மதுப் புட்டிகள் கிடைத்தன. பச்சைக் கண்ணாடி, தடித்த அடி, குட்டைக் கழுத்து. ஆஷ்பி அவற்றைக் கழுவி வைத்துக்கொண்டார். பிறகு ஒயிட்ஃபிரையர்ஸ் கண்ணாடிப் பட்டறையில் அதே வடிவில் புட்டிகள் ஊதச் சொல்லி, கில்டின் வெள்ளித் தட்டார்களிடம் கொடுத்தார். வயிறு பருத்த பச்சைப் புட்டியை மெல்லிய வெள்ளிக் கம்பிகள் கொடிபோலச் சுற்றிப் பிடித்திருக்கும். கைப்பிடி ஒரே வீச்சில் மேலெழுந்து வளைந்து இறங்கும். மூடியில் ஒரு கல். 1901இல் செய்த ஒன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளியில் சுத்தியல் தடத்தைத் தேய்த்து மறைக்கவில்லை. நம் ஊர்த் தட்டாரிடம் கேட்டால், வேலை இன்னும் முடியவில்லையே என்பார். முடியாததுபோல் விட்டுவைப்பதே கொள்கையாகிவிட்டது அங்கே: ஒரு மனிதன் இதைத் தட்டினான் என்று பொருளே சாட்சி சொல்லவேண்டும்.

அந்தச் சாட்சிக்கு விலை அதிகம். இங்கேதான் ஆஷ்பியின் தீராத சங்கடம். கிழக்கு லண்டன் ஏழைப்பையன் கௌரவமாக வாழத் தொடங்கிய பட்டறையில் செய்த பொருளை மேற்கு லண்டன் பணக்காரர்தான் வாங்கமுடிந்தது. லிபர்ட்டி கடை ‘சிம்ரிக்’ என்ற பெயரில் அதே சாயலில் வெள்ளிப் பொருள்களை ஓரளவு இயந்திரத்தில் செய்து மலிவாக விற்றபோது, பட்டறையால் போட்டி போட முடியவில்லை.

எசெக்ஸ் ஹவுஸின் குத்தகை முடியும் காலமும் வந்தது. நகரத்தை விட்டு வெளியேறுவதா என்று ஆட்களிடமே வாக்குக் கேட்டார். போவோம் என்றார்கள். 1902இல் பிராட் கேம்டனை அடுத்த சிப்பிங் கேம்டனுக்குப் புறப்பட்டது கூட்டம்: ஆண், பெண், குழந்தைகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 பேர். மைல் எண்டின் புகையில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒரு காலத்தில் ஆட்டுரோம வியாபாரத்தில் செழித்துப் பிறகு தூங்கிப்போன ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஷீப் தெருவில் ஓடாமல் கிடந்த பட்டு ஆலைதான் பட்டறை. ஒரு தளத்தில் வெள்ளி, இன்னொன்றில் மரம், வெளியே கொல்லுலை. மணமாகாத பையன்களுக்கு பிரைத்வெயிட் ஹவுஸ் விடுதி. ஆஷ்பி தம்பதிக்கு வுல்ஸ்டேப்ளர்ஸ் ஹால் என்ற பழைய வணிகர் வீடு.

கேம்டனில் அவர் கட்டியதைவிடப் பழுதுபார்த்தது அதிகம். கட்டடக் கலைஞராக அவர் நன்றாக வந்தது அங்கேதான் என்பது என் கணிப்பு. அந்தப் பக்கத்துக் கல் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். சுவர் மட்டுமல்ல, கூரையும் கல்தான். ஓட்டுக்குப் பதிலாகக் கல்லையே தகடாகப் பிளந்து, தலையில் துளையிட்டு, மர முளை அடித்துச் சட்டத்தில் மாட்டுவார்கள். எல்லாத் தகடும் ஒரே அளவு கிடையாது. தாழ்வாரத்தில் பெரிய தகடுகள். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டில் கையகலத்துக்கு வந்துவிடும். கனத்தைச் சுவர் தாங்கட்டும், மேலே பாரம் வேண்டாம் என்ற கணக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் மீன் செதில். ஒரு தகடு விழுந்தால் அதே அளவுத் தகடு தேடி அதே வரிசையில் செருகவேண்டும். அளவு தெரிந்த ஆள் இல்லாவிட்டால் கூரை அழுதுவிடும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறேன் என்று அதன் முகத்தைச் சுரண்டக்கூடாது, பழுது மட்டுமே பார்க்கவேண்டும் என்பது மாரிஸ் வகுத்த நெறி. ஆஷ்பி அதன் வழியில் நின்றார். லண்டனில் இருந்தபோதே மைல் எண்டின் டிரினிட்டி முதியோர் இல்லத்தை இடிக்காமல் காக்கப் போராடி வென்றவர். அவர் தொடங்கிய ‘லண்டன் சர்வே’ என்ற பழங்கட்டடப் பதிவு வேலை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

இந்தக் கேம்டனுக்குத்தான் ஆனந்த குமாரசாமி வந்தார். சர் முத்து குமாரசாமியின் மகன். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் மாமன் மகன். தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். 1877இல் கொழும்பில் பிறந்து, இரண்டு வயதுகூட நிறையாதபோது தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். படிப்பு நிலவியல். 1902இல் எதல் பார்ட்ரிட்ஜை மணந்தார். எதலின் தம்பி ஃப்ரெட், கில்டில் நகை வேலை செய்தவர். கேம்டன் தொடர்பு அப்படி அமைந்தது. 1903 முதல் இலங்கையில் கனிமவள ஆய்வு. கல்லைத் தேடிக் காட்டிலும் மேட்டிலும் அலைந்தவர், அந்தக் கல்லைச் செதுக்கியவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார். எதல் தையல் வேலைப்பாடுகளையும் நெசவையும் பார்த்துப் பதிவு செய்தார்.

திரும்பி வந்து குடியிருக்க வீடு வேண்டும். பிராட் கேம்டனின் பாழ்ச் சிற்றாலயம் கண்ணில் பட்டது. 1905 முதல் 1907 வரை ஆஷ்பியின் ஆட்கள் அதில் வேலை செய்தார்கள். நார்மன் காலத்து வளைவும் தடித்த சுவரும் அப்படியே நின்றன. குடித்தனத்துக்கு வேண்டியதை அதே ஊர்க் கல்லில் சேர்த்துக் கட்டினார்கள். பழையது பழையதாகத் தெரியட்டும், புதியது அதன் பக்கத்தில் அடக்கமாக உட்காரட்டும். அவருடைய செல்சி வீடுகளின் முகப்பில் ‘என்னைப் பார்’ என்ற துள்ளல் உண்டு. இந்த வீட்டில் அது இல்லை. கட்டடத்தில் ஆஷ்பி எங்கே ஆரம்பிக்கிறார் என்று தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

குமாரசாமி தம்பதி குடியேறினார்கள். கில்டின் அச்சகமும் அதிலிருந்த மாரிஸின் பொறியும் குமாரசாமியின் கைக்கு வந்தன. கில்டின் அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்த இளைஞர் பிலிப் மேரே, புத்தகத்துக்கான படங்களில் உதவினார். அந்தப் பக்கங்களில் குமாரசாமி விவரித்தது, கண்டி மன்னர் காலத்தில் கைவினைஞன் எப்படி வாழ்ந்தான் என்பதை. அரசனின் பட்டறைகள் நான்கு. ‘பட்டல் ஹதர’ என்று சிங்களத்தில் பெயர், நம் காதில் பட்டறை என்றே விழுகிறது. அதில் வேலை செய்தவனுக்குச் சம்பளம் நிலம். பரம்பரையாக வயல் இருக்கும், அதற்கு ஈடாக அரண்மனைக்கோ கோயிலுக்கோ வேலை செய்வான். சோறு வயலிலிருந்து வந்துவிடுவதால், ஒரு கதவு முடிய எத்தனை நாளானாலும் அவன் அவசரப்படவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தச்சுமானியம், கொல்லுமானியம் என்று கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதே இல்லை.

இந்தப் பக்கங்கள் அச்சேறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், நடந்துபோகும் தூரத்திலிருந்த பட்டு ஆலையில் கில்ட் செத்துக்கொண்டிருந்தது. காரணம் சிக்கலானதில்லை. லண்டனில் ஆர்டர் இல்லாத மாதத்தில் தச்சன் வேறு பட்டறைக்குப் போய் நாலு காசு பார்த்துவிட்டு, வேலை வந்ததும் திரும்பிவிடுவான். கேம்டனில் வேறு பட்டறை ஏது? வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூலி கொடுத்தாகவேண்டும். மரமும் உலோகமும் ரயிலில் வரவேண்டும், செய்த பொருள் ரயிலில் போகவேண்டும். வட்டிக்கடன் ஏறியது. ஊரில் பாண்டு வாத்தியம் இருந்தது, நாடகம் இருந்தது, ஆட்களே வெட்டிய நீச்சல்குளம் இருந்தது, 1904 முதல் ஒரு கைத்தொழில் பள்ளிகூட இருந்தது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. 1908 தொடக்கத்திற்குள் நிறுவனத்தைக் கலைக்கவேண்டியதாயிற்று.

கலைத்த பிறகுதான் நிலம் வந்தது. சோப்புத் தொழிலில் பணம் சேர்த்த அமெரிக்கர் ஜோசப் ஃபெல்ஸ், பிராட் கேம்டனில் 70 ஏக்கர் வாங்கிக் கொடுத்தார். ஊரிலேயே தங்கிவிட்ட வினைஞர்கள் கொஞ்சம் பயிர்செய்து, கொஞ்சம் பட்டறை வேலை பார்த்துப் பிழைக்கலாம் என்பது திட்டம். அதே 1908இல் ஆஷ்பி எழுதிய ‘போட்டித் தொழிலில் கைவினை’ என்ற நூலிலும் பட்டறையோடு நிலம் சேரவேண்டும் என்று வாதாடினார். 1909இல் குமாரசாமியின் ‘இந்தியக் கைவினைஞன்’ வந்தபோது முன்னுரை ஆஷ்பியுடையது. இந்தியக் கிராமத்துத் தச்சனுக்குக் களத்தில் அளந்து கொடுக்கிற நெல்லையும் மானிய நிலத்தையும் பற்றிப் பேசுகிற புத்தகத்துக்கு, நிலமில்லாமல் தச்சர்களைக் கிராமத்துக்குக் கூட்டிப்போன மனிதர் முன்னுரை எழுதுகிறார். யார் யாரிடம் எதைக் கற்றார்கள் என்று பிரித்துச் சொல்ல நான் முயலமாட்டேன். ஒரே ஊரில், ஒரே பாதையில் நடந்த இருவர்.

ஒன்றை மட்டும் குமாரசாமி தரப்பில் சொல்லவேண்டும். கண்டியின் நிலமுறைக்குப் பின்னால் சாதி இருந்தது. தட்டான் மகன் தட்டானாகவே இருக்கவேண்டிய கட்டாயம் இருந்தது. அதை அவர் அழகாகவே பார்த்தார். கிழக்கு லண்டன் வண்டிக்காரன் மகனை வெள்ளித் தட்டானாக்கிய ஆஷ்பியின் பட்டறை, அந்த ஒரு விஷயத்தில் கண்டியைவிடத் தாராளமானது.

நார்மன் சேப்பலின் குடித்தனம் நீடிக்கவில்லை. குமாரசாமியின் கவனம் முழுவதும் இந்தியாவின் பக்கம் திரும்பியது, மணவாழ்க்கையும் முறிந்தது. எதல் பின்னர் அதே பிலிப் மேரேயை 1913இல் மணந்து, எதல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறிக்கே ஆசிரியை ஆனார். தாவரச் சாயம், கைநூற்பு என்று அவர் பிடித்த பிடியில் இலங்கைப் பயணங்களுக்குப் பங்குண்டு.

1911இல் அந்த வீட்டுக்குப் புதிய குடித்தனம் வந்தது: ஆஷ்பியும் ஜேனட்டும். வேறொருவருக்காகப் பழுதுபார்த்த வீட்டில் கட்டடக் கலைஞரே வாழ வந்துவிட்டார். அந்த ஆண்டிலிருந்து 1917க்குள் நான்கு பெண் குழந்தைகள்: மேரி, ஃபெலிசிட்டி, ஹெலன், ப்ரூ. சிகாகோவில் 1900இல் அறிமுகமான ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் கட்டடங்களைப் பற்றி ஜெர்மனியில் வெளியான நூலுக்கு ஆஷ்பி முன்னுரை எழுதியதும் 1911இல்தான். இயந்திரத்தை நேரடியாக எதிர்ப்பது இனி ஆகாது என்று அவர் பேச ஆரம்பித்த காலம் அது. பேசியதைக் கேட்க ஆள் இருந்தது; வீடு கட்டச் சொல்ல ஆள் குறைந்தது. 1914இல் போர் வந்ததும் அதுவும் நின்றது.

பிழைப்புக்காக கெய்ரோவில் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். 1918இல் அங்கே இருக்கும்போது ஒரு புதிய அழைப்பு. ஒட்டோமான் படை விட்டுச்சென்ற எருசலேமில், மதில்களின் மேல் வீடுகளும் குப்பையும் ஏறிக் கிடந்தன. பழைய பருத்திக் கடைத்தெருவில் நெசவே இல்லை. பாறைக் குவிமாடத்தின் ஓடுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. நகரத்தின் ஆலோசகராக ஒருவர் தேவைப்பட்டார். ஆஷ்பி தம் குறிப்பேட்டையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஜேனட்டும் நான்கு பெண்களும் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தார்கள்.

(தொடரும்)